எழுந்து போக மனம் வராத பேச்சு: வாசிப்பு வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி மாவட்டத்தில் எங்கள் ஊர் வாசிகசாலையில் மாதம் ஒருமுறை கூடும் வாசிப்பு வட்டத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் பக்கங்களில் இத்தகைய வட்டங்களை நடத்துகிறவர்களோடும் எனக்குப் பழக்கம் உண்டு. புத்தகங்களைப் பற்றிய கேள்விகளைவிட, புத்தகங்களைப் பற்றிப் பேச வந்து, பேச்சின் வசீகரத்தாலேயே எல்லோரையும் கட்டிப்போட்டுவிடுகிற சில மனிதர்களைப் பற்றிய கேள்விகளே என்னிடம் கூடுதலாக வருகின்றன. கூட்டம் முடிந்து சைக்கிளை எடுக்கும் நேரத்திலும், படலையடியிலும், தொலைபேசியிலும், ஒருமுறை ஒரு தாயின் கண்ணீரோடும் அவை வந்தன. ஒரே சந்தேகத்தைப் பலரும் கேட்டதால் அவற்றைத் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

"ரீச்சர், நீங்கள் சொல்லிற அந்த மாதிரி ஆள் எண்டா ஆர்? நல்லாப் பேசிற எல்லாரையுமோ சொல்லுறியள்?"

இல்லை. நன்றாகப் பேசும் ஆசிரியர்களையும் வழக்கறிஞர்களையும் பட்டிமன்றப் பேச்சாளர்களையும் நான் குறிப்பிடவில்லை. வாசிப்பு வட்டத்திலோ, நாடகக் குழுவிலோ, பல்கலைக்கழக விடுதியிலோ, பதவி எதுவும் இல்லாமலே நடுவில் அமர்ந்துவிடுகிற ஒருவரைக் குறிப்பிடுகிறேன். அவர் பெரும்பாலும் எதையும் எழுதி வெளியிட்டிருக்கமாட்டார். உடுப்பிலோ, உணவிலோ, உறங்கும் நேரத்திலோ ஊரோடு ஒட்டாத ஏதோவொன்று அவரிடம் இருக்கும். ஆனால் வாயைத் திறந்தால், இரணைமடு வாய்க்காலில் தொடங்கிக் கிரேக்க நாடகத்துக்குப் போய், அங்கிருந்து வற்றாப்பளைக் கண்ணகியிடம் திரும்பி வந்து, தேத்தண்ணி ஆறுவதற்குள் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுவார்.

சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் இத்தகைய ஈர்ப்புக்கு வழங்கிய சொல் 'கரிஸ்மா'. அருளால் கிடைத்த கொடை என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் வேர்ப்பொருள். ஆயினும் அந்தக் கொடை இருப்பதாகப் பின்செல்கிறவர்கள் ஏற்றுக்கொள்ளும்வரைதான் அது செல்லும் என்பதை வெபர் வற்புறுத்தினார். நாம் வழங்கும் 'வசீகரம்' என்ற சொல் இன்னும் வெளிப்படையானது: வசப்படுத்துதல் என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. வசப்படுத்துகிறவர் ஒருவர் இருந்தால், வசப்படுகிறவர் ஒருவரும் இருக்கவேண்டும். இந்தப் பக்கத்தில் நான் கூடுதலாகப் பேசுவது அந்த இரண்டாமவரைப் பற்றி, அதாவது நம்மைப் பற்றி.

"அப்பிடி ஒருத்தர் கதைக்கேக்க ஏன் எழும்பி வர மனம் வருதில்லை?"

அதில் உண்மையான இன்பம் இருப்பதால். இதை முதலில் ஒப்புக்கொள்ளாமல் எச்சரிக்கை மட்டும் செய்கிறவர்களை இளையவர்கள் நம்புவதில்லை, நம்பவும் வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் நமக்குக் கிடைப்பது சிந்தித்து முடிந்தபின் எஞ்சிய குறிப்பு. இவரிடமோ சிந்தனை நம் கண் முன்னாலேயே நடக்கிறது: தடுமாறுகிறார், திரும்புகிறார், திடீரென்று ஒன்றைக் கண்டுபிடிக்கிறார், அந்தக் கண்டுபிடிப்பில் நாமும் உடனிருந்ததாக உணர்கிறோம். சமையல் குறிப்பை வாசிப்பதற்கும் அடுப்படியில் நின்று பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

இன்னொன்றும் உண்டு. ஊர் ஒழுங்கைப் பொருட்படுத்தாமல் வாழும் ஒருவர், ஊருக்குப் பயந்து தன் எண்ணங்களை அடக்கி வைத்திருக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு, வேறு விதமாகவும் வாழலாம் என்பதற்குச் சாட்சியாக நிற்கிறார். அவர் சொல்வது சரியா பிழையா என்பதைவிட, அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே அந்தப் பிள்ளைக்கு மூச்சு விட இடம் தருகிறது. இந்தப் பசியை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

"இது வன்னியில கொஞ்சம் கூடவோ, இல்லாட்டி எனக்குத்தான் அப்பிடித் தெரியுதோ?"

இத்தகைய மனிதர்கள் ஏதென்சிலும் இருந்தார்கள், பாரிசிலும் இருந்தார்கள். ஆனால் வன்னியில் அவர்களுக்குக் கிடைத்த இடத்துக்கு இந்த மண்ணின் வரலாற்றில் காரணங்கள் உண்டு. மின்சாரமில்லாத ஆண்டுகளில், மண்ணெண்ணெய் விளக்கைக்கூட அளந்து எரித்த காலத்தில், பத்திரிகையும் புத்தகமும் பொருளாதாரத் தடையைத் தாண்டி வருவது அரிதாக இருந்தது. வாசித்த ஒருவர் வாசிக்காத பத்துப் பேருக்குச் சொல்வதுதான் அறிவு பரவிய வழி. பின்னர் 2008, 2009 இல் கிளிநொச்சியிலிருந்து புதுக்குடியிருப்புக்கும் அங்கிருந்து கடற்கரைக்குமாக மக்கள் இடம்பெயர்ந்தபோது, உழவு இயந்திரப் பெட்டியில் முதலில் ஏற்றியது அரிசியை. முதலில் இறக்கிவிட்டது புத்தகங்களை. வாசிகசாலைகளின் இருப்புகள் அழிந்தன. செட்டிகுளம் முகாம்களில் பிள்ளைகள் கற்றதில் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய நினைவிலிருந்து வந்தது.

புத்தகம் எரிந்துபோன ஊரில், புத்தகத்தை நினைவில் வைத்திருப்பவர்தான் நூலகம். அவரைச் சுற்றி உட்காருவது மயக்கமல்ல, தேவை. ஆனால் நூலகத்தில் ஒரு நூலை எடுத்து மற்றொன்றோடு ஒப்பிடலாம். மனித நூலகத்தில் அது முடியாது. அவர் எங்கே நினைவிலிருந்து சொல்கிறார், எங்கே தானாகச் சேர்க்கிறார் என்பது அவருக்கே தெரியாமற் போகலாம். இன்று கிளிநொச்சியின் அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. நூல்கள் திரும்பி வந்துவிட்டன. கேட்டு நம்பும் பழக்கம் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது.

"நல்லாக் கதைச்சா நல்லா விளங்கினவர் எண்டுதானே அர்த்தம்? எங்களுக்கும் விளங்குதே."

விளங்கியது என்ற உணர்வும் விளங்குதலும் இரு வேறு பொருள்கள். அமெரிக்காவில் ஷானா கார்ப்பென்டரும் அவரோடு பணியாற்றியவர்களும் 2013 இல் வெளியிட்ட ஆய்வில், மூவண்ணப் பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெண்ணாக இருப்பது ஏன் என்பதை ஒரே ஆசிரியர் இரு விதமாக விளக்கும் சிறு காணொளிகளைப் பயன்படுத்தினார்கள். ஒன்றில் அவர் நிமிர்ந்து நின்று, கேட்பவரைப் பார்த்து, தடங்கலின்றிப் பேசினார்; மற்றதில் குனிந்து குறிப்பைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிச் சொன்னார். சொன்ன செய்தி ஒன்றே. சரளமான பேச்சைக் கேட்டவர்கள் தங்களுக்குக் கூடுதலாக நினைவிருக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டார்கள். சோதித்தபோது இரு பகுதியினருக்கும் நினைவிருந்த அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை.

ஆகவே கூட்டத்துக்கு வருகிறவர்களிடம் நான் ஒன்றைத்தான் கேட்கிறேன். கேட்டதை மறுநாள், வராத ஒருவருக்கு, பேசியவரின் குரலையும் கையசைவையும் கடன் வாங்காமல் சொல்லிப் பாருங்கள். தங்கச்சிக்குச் சொல்லலாம், தோட்டத்தில் கூட வேலை செய்கிறவருக்குச் சொல்லலாம். 'நீ அங்க இருந்திருக்கவேணும், அப்பத்தான் விளங்கும்' என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல வராவிட்டால், நீங்கள் கொண்டுவந்தது அவருடைய இசையை. பொருளை அங்கேயே விட்டுவிட்டீர்கள்.

"படிச்ச ஆக்களும் உதில விழுகினமே, அதெப்பிடி?"

படித்தவர்கள்தாம் எளிதில் விழுகிறார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. 1970 இல் அமெரிக்காவில் மைக்கேல் ஃபொக்ஸ் என்ற நடிகரை 'கலாநிதி ஃபொக்ஸ்' என்று அறிமுகப்படுத்தி, கணித விளையாட்டுக் கோட்பாட்டை மருத்துவக் கல்வியில் பயன்படுத்துவது பற்றி விரிவுரையாற்றச் செய்தார்கள். அவருக்கு அந்தத் துறையில் எதுவும் தெரியாது. முன்னுக்குப் பின் முரணாகவும், இல்லாத சொற்களை உருவாக்கியும், தொடர்பற்ற பகிடிகளைச் சேர்த்தும் பேசும்படி பழக்கியிருந்தார்கள். நேரிலும் ஒளிப்பதிவிலுமாக அதைக் கேட்ட 55 பேரும் உளமருத்துவர்கள், உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள், கல்வியாளர்கள் போன்றோர். பெரும்பான்மையோர் நல்ல விரிவுரை என்றே மதிப்பிட்டார்கள். இந்த ஆய்வு 1973 இல் வெளிவந்தது.

காரணத்தை நான் நம் பயிர்ச்செய்கைக் கூட்டத்தை வைத்து விளங்கிக்கொள்கிறேன். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பேசும்போது, கமக்காரர் அமைப்பில் எவ்வளவு பெரிய வாய்க்காரர் இருந்தாலும், குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதை அவரால் மாற்ற முடியாது. 'தண்ணி காணும்' என்று அவர் எவ்வளவு அழகாகச் சொன்னாலும், வாய்க்காலின் கடைசி வயற்காரர் ஆவணியில் வந்து கணக்குக் கேட்பார். இலக்கியம், தத்துவம், வரலாறு பேசும் வட்டங்களில் அப்படி ஓர் அளவுகோல் கண்முன்னே நிற்பதில்லை. பிழையான பேச்சால் எவருடைய வயலும் காய்வதில்லை. அளவுகோல் எட்டத்தில் இருக்கும் துறைகளிலேயே இத்தகைய பேச்சாளர்கள் செழிக்கிறார்கள். படித்தவருக்கோ 'எனக்கு விளங்கவில்லை' என்று சபையில் சொல்லக் கமக்காரரைவிடக் கூச்சம்.

"செல்லப்பா சுவாமியையும் ஊர் விசரன் எண்டுதானே சொன்னது? நீங்கள் சொல்லிறபடி பார்த்தா அவரையும் விட்டிருக்கவேணுமே?"

என்னிடம் வந்த கேள்விகளில் மிக நியாயமானது இது. நல்லூர்த் தேரடியில் கந்தலோடு இருந்து, தானே பேசித் தானே சிரித்து, வந்தவர்களை ஏசித் துரத்திய செல்லப்பா சுவாமியை ஊர் விசரன் என்றது. அவரிடம் போய் நின்றவர்களில் ஒருவர் யோகர் சுவாமி (1872–1964). அவர் இளமையில் இங்கே கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைகளுக்கான களஞ்சியப் பொறுப்பாளராகப் பணி செய்தவர் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. 'எப்பவோ முடிந்த காரியம்', 'நாம் அறியோம்', 'ஒரு பொல்லாப்பும் இல்லை', 'முழுதும் உண்மை' என்று அந்தப் பரம்பரையில் எஞ்சியவை நான்கு சிறு வாசகங்கள்.

கவனித்துப் பாருங்கள். செல்லப்பா சுவாமி கூட்டம் சேர்க்கவில்லை, கலைத்தார். நிறையப் பேசவில்லை. அவருடைய வாசகங்களுள் ஒன்றே அறியோம் என்கிறது. கல்வெட்டில் என்ன இருக்கிறது, எந்த மருந்து எந்த நோயைத் தீர்க்கும் என்பனபோல, சரியா பிழையா என்று பார்க்கக்கூடிய கூற்றுகளைத் தன் கோலத்தின் வலிமையால் நம்பும்படி அவர் கேட்கவில்லை. ஞானத்தை எதனால் அளப்பது என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. அதைத் தேடுகிறவர்களின் வழியை மறிக்கவும் மாட்டேன். ஆனால் பித்தரைப்போலத் தோன்றிய சிலர் ஞானியராக இருந்தார்கள் என்பதிலிருந்து, பித்தர்கோலம் ஞானத்தின் அடையாளம் என்பது பெறப்படாது. எங்கள் வட்டத்தில் நாடகத்தைப் பற்றிப் பேச வருகிறவர், கிழிந்த சட்டையைக் காட்டித் தேரடியின் மரியாதையைக் கேட்கக்கூடாது.

"எனக்கு விளங்கேல்லை எண்டா அது என்ர குறையோ, அவற்ற குறையோ?"

இரண்டும் இருக்கலாம். கடினமான பொருள் கடினமாகவே இருக்கும். ஆனால் பிரெஞ்சு அறிஞர் டான் ஸ்பெர்பர் 2010 இல் ஒரு கட்டுரையில் காட்டிய பொறியை அறிந்திருப்பது நல்லது. மதிப்புக்குரிய ஒருவர் விளங்காததைச் சொன்னால், அதில் ஆழம் இருக்கவேண்டும் என்று எண்ணி நாமே பொருள் தேடுகிறோம். தேடிய உழைப்பு வீணாகிவிடக்கூடாது என்பதற்காகக் கிடைத்ததைப் பெரிதாக மதிக்கிறோம். பக்கத்திலிருப்பவரும் தலையாட்டுவதால் நமது நம்பிக்கை உறுதியாகிறது; நம் தலையாட்டலைப் பார்த்து அவருடைய நம்பிக்கையும் உறுதியாகிறது. கடைசியில் பேசியவர் வைக்காத புதையலைக் கேட்டவர்களே கொண்டுவந்து புதைத்துவிடுகிறார்கள்.

எண்ணத்தை எளிதாகச் செல்லும்படி சொல்வதையும், பிறர் சொல்லின் நுண்பொருளைக் காண்பதையும் வள்ளுவர் ஒரே குறளில், அறிவுடைமை அதிகாரத்தில், அறிவு என்று வைத்தார். எளிதாகச் சொல்லும் கடமை பேசுகிறவருக்கு. நுண்மை காணும் கடமை கேட்கிறவருக்கு. ஒரு பக்கத்துக் கடமையை மறுபக்கத்தின்மேல் சுமத்தும்போதுதான் இந்தக் கேள்வியே பிறக்கிறது.

"ஒரு விசயத்தில அவர் உண்மையிலேயே விண்ணர். அப்ப மற்றதிலையும் அவரை நம்பலாம்தானே?"

அந்த ஒரு விடயத்தில் நம்பலாம். லைனஸ் போலிங் 1954 இல் வேதியியலுக்கும் 1962 இல் சமாதானத்துக்கும் நோபல் பரிசு பெற்றவர். அவரே பின்னர் பெருமளவு விற்றமின் சி புற்றுநோயாளருக்கு உதவும் என்று வாதாடினார். மேயோ மருத்துவ நிறுவனத்தின் சோதனைகள் 1979 இலும் 1985 இலும் அந்தப் பயனைக் காணவில்லை. இரண்டு நோபல் பரிசுகள் ஈடாக நிற்காத இடத்தில் ஒரு நல்ல பேச்சு ஈடாக நிற்காது.

"அவர் அப்பிடி வினோதமா இருக்கிறது நடிப்போ உண்மையோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

கண்டுபிடிக்க வேண்டிய தேவை இல்லை. அந்த ஆராய்ச்சியிலேயே பல வட்டங்கள் காலத்தைத் தொலைத்திருக்கின்றன. அங்கேரியக் கணிதவியலாளர் பால் ஏர்டிஷ் (1913–1996) வீடு வாசல் இல்லாமல், ஒரு பெட்டியோடு நாடு நாடாகப் போய், நண்பர்களின் வீடுகளில் தங்கி வாழ்ந்தார். அதைவிட வினோதமாக வாழ்வது கடினம். ஆனால் ஏறத்தாழ 1500 கட்டுரைகள், 500 பேருக்கு மேற்பட்ட இணை ஆசிரியர்களோடு எழுதியவை, அவருக்குப் பின்னால் நிற்கின்றன. அவரை ஒருமுறையும் காணாதவர் அவற்றின் ஒவ்வொரு நிறுவலையும் சரிபார்க்கலாம். பெட்டி நடிப்பா உண்மையா என்பது அங்கே பொருட்டே இல்லை.

எதிர்ப்பக்கத்தில் நிகழ்வதைத் தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைனின் கேம்பிரிட்ஜ் வகுப்புகளில் காணலாம். குறிப்பின்றி, நீண்ட மௌனங்களோடு, தன்னைத்தானே கடிந்துகொண்டு சிந்தித்த அந்த ஆசிரியரின் கையசைவையும் பேச்சின் தொனியையும் மாணவர்கள் பலர் தம்மை அறியாமலே பற்றிக்கொண்டார்கள். சிந்தனையைவிடச் சாயல் விரைவாகத் தொற்றும். எங்கள் பகுதியிலும் ஒருவருடைய இருமலைக்கூடப் படித்துக்கொண்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்; அவருடைய வாசிப்பைப் படித்துக்கொண்டவர்களைத் தேடவேண்டியிருந்தது.

"மேடையில பேசி எங்களைக் கொண்டுபோன ஆக்களையும் நாங்கள் கண்டனாங்கள். அதுவும் இதுவும் ஒண்டோ?"

இந்த மண்ணில் இந்தக் கேள்வியை இலேசாக எடுக்க முடியாது. மேடைப்பேச்சு கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறது. பின்வரிசையில் நின்று கேட்காமலும் இருக்கலாம். வட்டத்துப் பேச்சாளர் உங்கள் பெயரைச் சொல்லி, உங்கள் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். மேடை கேட்பது உங்கள் கைதட்டலை. இவர் கேட்பது உங்கள் மாலை நேரங்களை. கேட்பவரைக் கேள்வி கேட்காதவராக்கும் இடத்தில் மட்டும் இரண்டும் ஒன்றாகின்றன. அந்த அச்சத்தோடு வருகிற முதியவர்களை நான் ஒருபோதும் பகிடி பண்ணவிடுவதில்லை.

"கேள்வி கேட்டா ஒரு சிரிப்புச் சிரிச்சுப்போட்டு வேற கதைக்குப் போயிடுறார். நான் என்ன செய்ய?"

இந்த வகையின் தலைமகனாகச் சோக்கிரதீசைச் சொல்வார்கள்: வெறுங்காலோடு திரிந்தவர், எதையும் எழுதாதவர், ஏதென்சு இளைஞர்களைக் கட்டிவைத்தவர், கி.மு. 399 இல் நஞ்சுண்ணும் தண்டனை பெற்றவர். ஆனால் அவருடைய வினோதத்தின் உள்ளீடு வேறு. அவர் கேட்டவரைப் பதில் சொல்ல வைத்தார். சொன்ன பதிலிலேயே நிற்க வைத்தார். தொடங்கிய கேள்வியை விட்டு மற்றவர் நழுவினால் இழுத்துக்கொண்டு வந்தார். உங்களிடமிருப்பவர் நழுவுகிறவராக இருந்தால், சோக்கிரதீசின் செருப்பில்லாத கால் மட்டும்தான் அவரிடம் இருக்கிறது.

செய்யக்கூடியது எளிது, துணிவுதான் வேண்டும். கேள்வியை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். அவர் வேறு கதைக்குப் போனால், முடியும்வரை பொறுத்திருந்து, 'ஐயா, நான் கேட்டது இது' என்று தாளைப் பார்த்து மறுபடியும் வாசியுங்கள். மரியாதை குறையாது. இரண்டாம் முறையும் சிரிப்பே பதிலாக வந்தால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"என்ர மகன் முழுநாளும் ஒருத்தரோடதான் திரியிறான், ஏ.எல். படிப்பையும் விட்டிட்டான். பயமா இருக்கு, ரீச்சர்."

அம்மா, முதலில் அந்த மனிதரை மகனுக்கு முன்னால் இழித்துப் பேசாதீர்கள். பேசினால் இருவரும் இன்னும் நெருங்குவார்கள். மகன் அவரிடம் கண்ட ஒளி பொய்யல்ல என்பதை இரண்டாவது பதிலில் சொல்லியிருக்கிறேன். 'அவர் என்ன சொன்னவர், எனக்குச் சொல்லு' என்று கேளுங்கள், உண்மையான ஆவலோடு. பிள்ளை தாய்க்குச் சொல்ல முயலும்போது தனக்கு என்ன விளங்கியது என்பதைத் தானே காண்பான்.

ஆனால் மூன்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். அந்த மனிதர் காசோ உழைப்போ வாங்கத் தொடங்கினால், மகனுடைய பழைய நண்பர்களையும் ஆசிரியர்களையும் 'அறிவில்லாதவர்கள்' என்று ஒதுக்கச் சொன்னால், வீட்டுக்குச் சொல்லாதே என்று மறைவுகளை வளர்த்தால், அது அறிவு வட்டமல்ல. அப்போது நீங்கள் நம்பும் ஓர் ஆசிரியரையோ, கிராம அலுவலரையோ, தேவைப்பட்டால் பொலிசையோ நாடவேண்டும். 'படித்த மனிதராயிற்றே' என்று தயங்கவேண்டாம்.

"பொம்பிளைப் பிள்ளையள் அப்பிடிக் கதைச்சா ஏன் ஒருத்தரும் மேதை எண்டு சொல்லுறேல்லை?"

இதைக் கேட்ட பெண்ணுக்கு அன்று முழுப் பதிலும் சொல்ல முடியவில்லை, இப்போது சொல்கிறேன். அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஹொலாண்டர் 1958 இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: குழுவுக்கு நன்மை செய்தும் அதன் ஒழுங்குக்கு இணங்கியும் வருகிறவருக்கு ஒரு வரவு சேர்கிறது, பின்னர் அந்த வரவைச் செலவழித்து அவர் ஒழுங்கை மீறலாம், குழு பொறுத்துக்கொள்ளும். நம் ஊரில் இந்த வரவுப் புத்தகமே ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு. ஆண் தலை சீவாமல் வந்தால் சிந்தனையில் மூழ்கியவர். பெண் வந்தால் வீட்டில் ஏதோ பிரச்சினை. ஆண் இரவு பதினொரு மணிவரை பேசினால் தாகம். பெண் பேசினால் ஊர் வேறு பெயர் வைக்கும். உளறினாலும் மேதையாகலாம் என்ற உரிமை ஒரு பாதிக்கு மட்டும் கிடைக்கிறது.

அதோடு, உண்மையான பேச்சு பெரும்பாலும் கூட்டம் முடிந்தபின் தேத்தண்ணிக் கடையில்தான் நடக்கிறது, பெண்கள் வீட்டுக்குப் போய்விட்ட பிறகு. இதை உணர்ந்த மாதத்திலிருந்து எங்கள் கூட்டத்தைப் பிற்பகல் இரண்டரைக்கே தொடங்குகிறோம். தேத்தண்ணியை வாசிகசாலையிலேயே போடுகிறோம். ஆண்களும் முறை வைத்துப் போடுகிறார்கள்.

"எங்கட வட்டத்தில அப்பிடி ஒருத்தர்தான் எல்லாம். அவரை நிப்பாட்டினா கூட்டமே நிண்டுபோகும். என்ன செய்யலாம்?"

நிறுத்தவேண்டாம். அவரில்லாத வட்டம் பல வேளைகளில் உப்பில்லாத கஞ்சியாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். நம்மிடம் பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. கோயில்களில் கந்தபுராணம் படிக்கும் முறையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றவர் பயன் சொல்வார். பயன் சொல்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பாட்டு முதலில் எல்லோருடைய காதிலும் விழுந்துவிடுகிறது. அவர் விரிக்கலாம், உவமை சொல்லலாம், சபையை உருக்கலாம். ஆனால் பாட்டில் இல்லாததைச் சொன்னால், தூணோடு சாய்ந்திருக்கும் கிழவர் ஒருவர் தொண்டையைச் செருமுவார். பேச்சுக்குச் சுதந்திரமும் உண்டு, கட்டுத்தறியும் உண்டு.

எங்கள் வட்டத்தில் இதையே செய்தோம். பேசப்போகும் பகுதியை முதலில் வேறொருவர், பெரும்பாலும் இளையவர் ஒருவர், உரத்து வாசிப்பார். அதன் பிறகே பேச்சு. பேச்சு முடிந்ததும் வராத ஒருவருக்கு அதைச் சொல்லும் பொறுப்பு ஒருவருக்கு. அடுத்த கூட்டத்தின் முதல் பத்து நிமிடங்களில், சொன்னபோது எங்கே தடக்கியது என்று அவர் சொல்வார். எங்களிடமிருந்த பேச்சாளர் முதல் இரண்டு மாதம் கோபித்தார். மூன்றாம் மாதம், தடக்கிய இடத்தை அறிய எல்லோருக்கும் முன்னதாக வந்து காத்திருந்தார். எல்லோரும் அப்படித் திரும்பி வருவதில்லை. முல்லைத்தீவு வட்டம் ஒன்றில் அந்த மனிதர் எழுந்து போனவர் போனவர்தான், ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு.

"நீங்களும் ஒரு காலம் ஒருத்தருக்குப் பின்னால திரிஞ்சனீங்கள் எண்டு கேள்விப்பட்டன். உண்மையே?"

உண்மை. 1998 இல் நான் தொண்டர் ஆசிரியையாக இருந்தபோது, இடம்பெயர்ந்து வந்த ஒருவர் மருதமரத்தின் கீழிருந்து பேசுவார். ஷெல் சத்தம் தூரத்தில் கேட்கும். அவர் குரலை உயர்த்தாமல் தொடர்வார். இரண்டு கொப்பிகள் நிறைய எழுதினேன். அவர் எனக்குத் தந்தவற்றுள் சில இன்றும் என்னிடம் இருக்கின்றன: பழந்தமிழ்ப் பாட்டை உரையில்லாமல் முதலில் வாசித்துப் பார்க்கும் பழக்கம் அவருடையது.

ஆனால் ஒரு கல்வெட்டில் இருப்பதாக அவர் சொன்ன செய்தியை நான் ஐந்து ஆண்டுகள் வகுப்பில் உண்மையென்று சொல்லிக்கொடுத்தேன். பின்னர் அதன் பதிப்பித்த வாசகத்தைப் பார்க்கக் கிடைத்தபோது, அந்தச் செய்தி அதில் இல்லை. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. நினைவும் ஆசையும் கலந்திருக்கும். பிழை என்னுடையது: என்னை நம்பிய பிள்ளைகளுக்கு, நான் பார்க்காததைப் பார்த்ததுபோலச் சொன்னேன். அவர்களில் என்னால் தேடிக்கொள்ள முடிந்தவர்களிடம் திருத்திச் சொன்னேன். மற்றவர்கள் எங்கே என்று எனக்குத் தெரியாது, சிலர் உயிரோடில்லை.

"நானே அப்பிடிக் கதைக்கிற ஆள் எண்டு பெடியள் சொல்லுறாங்கள். நான் கதைக்காம விடவேணுமோ?"

தம்பி, வேண்டாம். நாவன்மை குற்றமல்ல. 1847 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கியவருக்கு அந்த நாவே 'நாவலர்' என்ற பட்டத்தைத் தந்தது. ஆனால் ஆறுமுக நாவலர் பேசியதோடு நில்லாமல் அச்சகம் வைத்தார், பாடநூல் எழுதினார், ஏடுகளைப் பதிப்பித்தார். அவரோடு உடன்படாதவரும் நூலைத் திறந்து வைத்து மறுக்க முடிந்தது. நீரும் பேசுவதை இரண்டு பக்கம் எழுதும். எந்த நூலில் எந்தப் பக்கம் என்று சொல்லப் பழகும். தெரியாத இடத்தில் குரலை இறக்கும். இப்போது நீர் அந்த இடங்களில்தான் குரலை உயர்த்துகிறீர், நான் கவனித்திருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் உமக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன். பயன் சொல்லும் இடமல்ல, வாசிக்கும் இடம். பயன் சொல்லப்போகிறவர் உம்மைவிட இரண்டு வயது இளைய பெண், கொஞ்சம் திக்கிப் பேசுவார். இரண்டரைக்கு வாரும், பகுதியை முன்னமே ஒருமுறை வாசித்துவிட்டு வாரும்.